பழைய ஜப்பானிய டைவ் வாட்ச் சேகரிப்பு: முதல் வாட்ச் வாங்குவதற்கான முழுமையான வழிகாட்டி

பழைய ஜப்பானிய டைவ் வாட்ச் வாங்க வரும் புதியவர்கள் முதலில் கேட்பது "ஓடுதா?" என்றுதான். அதைக் கடைசியில் கேட்டால் போதும். நின்றுபோன மூவ்மென்ட்டை (வாட்ச்சை ஓட்டும் உள் இயந்திரம்) சரிசெய்யலாம், முடியாவிட்டால் அதே வகை மூவ்மென்ட் இன்னொன்று தேடிப் போடலாம். தூக்கி எறியப்பட்ட ஒரிஜினல் டயல் (முகப்புத் தகடு) திரும்பி வராது. பாலிஷ் போட்டே கரைத்துவிட்ட கேஸும் (வாட்ச்சின் உலோகக் கூடு) அப்படித்தான். அதனால் இங்கே டயலும் கேஸும் முன்னால் வரும், மூவ்மென்ட் பின்னால் வரும். இந்த வரிசையை மாற்றியவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

1. முதலில் ஒரே ஒரு மாடலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்

சீக்கோ, சிட்டிசன், ஓரியண்ட் என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்க ஆரம்பித்தால் எதுவும் மனதில் தங்காது. ஒரு வாட்ச் ஒரிஜினலா என்று சொல்ல, அந்த மாடலின் எழுத்து எவ்வளவு தடிமன், முள் எந்த வடிவம், பெசலில் (கண்ணாடியைச் சுற்றியுள்ள சுழலும் வளையம்) எண்கள் எப்படி இருக்கும் என்பதெல்லாம் பார்த்தவுடன் தெரிய வேண்டும். ஒரு மாடலில் அந்தப் பழக்கம் வந்துவிட்டால் அடுத்தது சீக்கிரம் பிடிபடும்.

என்னைக் கேட்டால் சீக்கோ 6309-7040 அல்லது 7049-இல் தொடங்குங்கள் என்பேன். 1976 முதல் 1988 வரை ஏராளமாகச் செய்யப்பட்டது. உதிரிபாகம் கிடைக்கும், பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் நிறைய, ஒப்பிட்டுப் பார்க்கப் படங்களுக்கும் பஞ்சமில்லை. கேஸ் சுமார் 45 மி.மீ. அகலம் என்றாலும் மணிக்கட்டில் அடக்கமாகவே உட்காரும். ஒரு சங்கடம் உண்டு. உதிரிபாகம் எளிதில் கிடைப்பதாலேயே, பல வாட்ச்களின் பாகங்களைச் சேர்த்து ஒட்டுப்போட்டது இந்த மாடலில்தான் அதிகம். அது பெரிதாகத் தோன்றினால் 1988-க்குப் பிறகு வந்த 7002 வரிசையைப் பாருங்கள்.

சீக்கோவின் 6105-8110 அழகான வாட்ச், ஆனால் முதல் வாட்ச்சாக வேண்டாம். விலை அதிகம், அதில் நீங்கள் செய்யும் தவறுகளும் அதே அளவுக்கு விலை உள்ளவை. 1965-இல் வந்த சீக்கோ 62 மாஸ் இன்னும் தள்ளி இருக்கட்டும். சிட்டிசனின் 150 மீட்டர் ஆழம் குறித்த ஆட்டோமேட்டிக் (கை அசைவில் தானாகச் சாவி ஏறும்) டைவர்களும், உள்ளே சுழலும் வளையம் கொண்ட ஓரியண்ட் கிங் டைவரும் நல்ல வாட்ச்கள். ஆனால் ஒரு கிரவுன் (முள்ளைத் திருப்பும் பக்கவாட்டுத் திருகு) காணாமல் போனால் இன்னொன்றுக்கு மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். சீக்கோ 7548 போன்ற, பேட்டரியில் ஓடும் பழைய குவார்ட்ஸ் டைவரில் சர்க்யூட் போய்விட்டால், பெரும்பாலும் இன்னொரு வாட்ச்சைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.

2. பணம் கொடுப்பதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப், சிறிய யூவி டார்ச், டிஜிட்டல் காலிப்பர் ஆகிய மூன்றும் போதும். லூப் இல்லாமல் டயல் எழுத்தைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. காலிப்பர் எதற்கென்றால், 6309-க்குப் பட்டை மாட்டும் இடைவெளி 22 மி.மீ., 6105-க்கு 19 மி.மீ. இது பொருந்தாவிட்டால் கேஸே வேறு.

இவற்றைவிட முக்கியமாக, பழைய சீக்கோவைப் பிரித்துச் சேர்த்த அனுபவமுள்ள ஒரு மெக்கானிக்கை முதலில் கண்டுபிடியுங்கள். வாட்ச் வந்தபிறகு ஆள் தேடினால், கிடைத்தவரிடம் கொடுக்க வேண்டியதுதான். பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கை சர்வீசுக்கும், தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் கேஸ்கெட்டுகளுக்கும் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் வாட்ச் தேடுங்கள். முழுப் பணத்தையும் வாட்ச்சில் போட்டவர், எண்ணெய் காய்ந்த மூவ்மென்ட்டை அப்படியே ஓட்டித் தேய்த்துவிடுவார்.

அப்புறம் ஒரு படக் கோப்பு. உங்கள் மாடலின் தொடப்படாத வாட்ச்களின் படங்களைச் சேருங்கள். ஒரே ஆளிடம் இருந்து, கீறலும் அழுக்குமாக ஏலத்துக்கு வந்தவை இதற்கு மிகவும் பொருத்தம். பளபளவென்று விற்பனைக்காகத் தேற்றியவற்றைப் பார்த்துக் கண்ணைப் பழக்கினால் தவறானதே சரியானதாகத் தெரிய ஆரம்பித்துவிடும்.

3. பின்பக்க எண்களைப் படியுங்கள்

சீக்கோவின் பின்மூடியில் இரண்டு எண்கள் இருக்கும். நடுவில் கோடு போட்ட எட்டு இலக்க எண்ணில் முதல் நான்கு மூவ்மென்ட், அடுத்த நான்கு கேஸ். இன்னொன்று வரிசை எண். அதன் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். ஜனவரி முதல் செப்டம்பர் வரை 1 முதல் 9, அக்டோபருக்கு ஓ, நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி என்ற ஆங்கில எழுத்துகள்.

இங்கே தடுமாற ஒரு இடம் உண்டு. பத்தாண்டு எது என்று எண் சொல்லாது. 6105-8110 என்றால் 1970களில்தான் வந்தது, அதனால் குழப்பமில்லை. 6309-இல் வரிசை எண் 8 என்று தொடங்கினால் அது 1978-ஆகவும் இருக்கலாம், 1988-ஆகவும் இருக்கலாம். 6, 7 என்று தொடங்கினாலும் இதே கதை. அப்போது டயலைப் பார்க்க வேண்டும், ஆரம்பகால 6309 டயல்கள் சிலவற்றில் சீக்கோவின் சுவா தொழிற்சாலையின் சின்னம் சின்னதாக இருக்கும். விற்பவர் எழுதிய ஆண்டை அப்படியே நம்பாமல் நீங்களே கணக்குப் போடுங்கள்.

சிட்டிசனின் வரிசை எண்ணில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்த இரண்டு இலக்கங்கள் மாதம்.

சீக்கோ மாடல் எண்ணின் கடைசி இலக்கம் 0-வா 9-ஆ என்பதை வைத்துப் போலி என்று முடிவு கட்டாதீர்கள். 7040-உம் 7049-உம் ஒரே வாட்ச்தான், வேறு வேறு சந்தைக்குப் போனவை. டயலின் கீழ் விளிம்பில் அச்சிட்ட குறியீடும் பின்மூடி எண்ணோடு இலக்கத்துக்கு இலக்கம் ஒத்துப்போக வேண்டியதில்லை. முதல் நான்கு இலக்கம் வேறாக இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம், பின்மூடி கழற்றி மாட்டக்கூடிய ஒரு பாகம். அதில் உள்ள எண் அந்த மூடியைப் பற்றி மட்டும்தான் சொல்கிறது.

4. டயல்: அதிக நேரம் இங்கேதான் போக வேண்டும்

விற்பவரிடம் நேர்கோணத்தில், நல்ல வெளிச்சத்தில் எடுத்த டயல் படம் கேளுங்கள். பெரிதாக்கிப் பார்க்கும்போது இந்த வரிசையில் போங்கள்.

முதலில் ஆறு மணிக்குக் கீழே, விளிம்பை ஒட்டிய பொடி எழுத்து. ஒரிஜினலில் அது மெல்லியதாக, கூர்மையாக, எல்லா எழுத்தும் ஒரே தடிமனில் இருக்கும். பிற்காலத்தில் வெளியார் அச்சடித்த டயலில் அந்த எழுத்தே இருக்காது, இருந்தாலும் மை பரவிக் கொழகொழவென்று இருக்கும். அடுத்து 150 மீட்டர் வரி. 6105-இல் ஆரம்ப காலத்தில் "புரூஃப்" என்றும் பிறகு "ரெசிஸ்ட்" என்றும் எழுதினார்கள், மாற்றம் 1970-ஐ ஒட்டி நடந்தது. 1975-இல் செய்த வாட்ச்சில் "புரூஃப்" டயல் இருந்தால் அந்த டயல் வேறொரு வாட்ச்சிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

மூன்றாவதாக நாள், தேதி ஜன்னல். ஒரிஜினலில் ஜன்னலின் விளிம்பு சுத்தமாக வெட்டியிருக்கும், மூலைகள் ஒழுங்காக இருக்கும். மலிவு டயலில் பிசிறு தெரியும், எண் ஜன்னலின் நடுவில் நிற்காது.

நான்காவது ஒளிப்பூச்சு. புதியவர்கள் இங்கே தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். இருட்டில் நன்றாக ஒளிர்ந்தால் நல்ல வாட்ச் என்று நினைக்கிறார்கள். 1970களின் பூச்சு இன்றைக்கு டார்ச் அடித்தவுடன் மங்கலாகத் தெரிந்து சில நொடிகளில் அணைந்துவிடும். இரவெல்லாம் பச்சையாக ஒளிரும் பூச்சுகள் 1990களில்தான் வந்தன. ஆகவே 1978-ஆம் ஆண்டு வாட்ச் விடிய விடிய ஒளிர்ந்தால், பூச்சைப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள் அல்லது டயலே புதிது. யூவி டார்ச்சில் டயல் புள்ளிகளும் முட்களும் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றனவா என்றும் பாருங்கள். டயல் உடனே அணைந்து முள் மட்டும் ஒளிர்ந்துகொண்டிருந்தால் முள் மாறியிருக்கிறது.

ஒரு நல்ல 6309 டயலை லூப்பில் பார்த்தால் புள்ளிகள் வெள்ளையாக இருக்காது. வெண்ணெய் நிறத்திலிருந்து லேசான பழுப்பு வரைக்கும் இருக்கும், ஓரத்தில் நூல் போன்ற கறுப்புக் கோடு, ஒன்றிரண்டு புள்ளிகளில் மயிரிழை விரிசல். அந்த விரிசல் குறை இல்லை. பயப்பட வேண்டியது கரும்பச்சையாகவோ கறுப்பாகவோ பூத்திருக்கும் பூச்சுக்கு, அது உள்ளே ஈரம் போனதன் அடையாளம். முள்ளிலிருந்து பொடி உதிர்ந்து டயலில் கிடந்தால் அந்த வாட்ச்சைக் குலுக்க வேண்டாம், நீங்களே திறக்கவும் வேண்டாம். பழைய பூச்சுகள் சிலவற்றில் கதிரியக்கப் பொருள் கலந்திருந்தார்கள், பொடியை மூச்சில் இழுக்கக் கூடாது. அது மூவ்மென்ட்டுக்குள் போனாலும் கெடுதல்.

5. கேஸ்: விளிம்புகளைப் பாருங்கள்

6309 கேஸின் மேற்பரப்பு நுண்ணிய கோடுகளாக இழைத்தது, பக்கவாட்டு பளபளப்பானது. இரண்டும் சேரும் இடத்தில் ஒரு தெளிவான விளிம்பு ஓட வேண்டும். பாலிஷ் சக்கரத்தில் பிடித்த கேஸில் அந்த விளிம்பு உருகி வழிந்தது போல இருக்கும், மேற்பரப்பும் கண்ணாடி மாதிரி மின்னும். கீறல் இருந்தால் பரவாயில்லை. நாற்பது வருடக் கீறல்களோடு விளிம்பு கூர்மையாக இருக்கும் கேஸை, மின்னுகிற கேஸுக்கு மேலாக எப்போதும் எடுப்பேன்.

பின்மூடியைத் திறந்த படத்தில் ரப்பர் வளையம் உட்காரும் பள்ளத்தைப் பாருங்கள். உப்பும் வியர்வையும் அரித்துக் குழி விழுந்திருந்தால் புது கேஸ்கெட் போட்டாலும் சரியாக அடைக்காது. பெசலுக்கு அடியிலும் இதே அரிப்பு ஒளிந்திருக்கும்.

6309-இன் கிரவுன் திருகி மூடுவது. அது திருகும் மரை கேஸோடு சேர்ந்தது, தனியாகக் கழற்றி மாற்றுகிற குழாய் இல்லை. மரை தேய்ந்திருந்தால் லேத் வேலைதான். அதனால் "கிரவுன் கடைசி வரை திருகி இறுகுகிறதா?" என்று எழுத்தில் கேளுங்கள். 6105-8110-இல் மரையே கிடையாது, அழுத்தித் திருப்பிப் பூட்டுகிற அமைப்பு. கிரவுன் திருகவில்லை என்று அதைத் திருப்பி அனுப்பியவர்கள் இருக்கிறார்கள்.

6. முள், பெசல், நாள் வளையம்

விரைவாகச் சரிபார்க்கலாம். 6105-8110-இல் ஒளிப்பூச்சு வட்டத்தோடு சிவப்புப் புள்ளி கொண்ட விநாடி முள் இருக்க வேண்டும், அதிகம் மாற்றப்படுவது இதுதான். 6309-7040-இன் பெசல் இரண்டு பக்கமும் சுழலும். ஒரே பக்கம் மட்டும் சுழன்றால்தான் சந்தேகப்பட வேண்டும், புதிய டைவர்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது நேர்மாறாகத் தோன்றும்.

நாள் வளையத்தில் ஆங்கிலத்தோடு எந்த மொழி இருக்கிறது என்பதும் ஒரு குறிப்பு. ஜப்பானுக்குள் விற்ற 6306-இல் கான்ஜி என்ற ஜப்பானிய எழுத்து வரும். 6306-க்கு 21 ஜுவல் (தேய்மானத்தைக் குறைக்கும் கற்கள்), கிரவுனை இழுத்தால் விநாடி முள் நிற்கும். 6309-க்கு 17 ஜுவல், முள் நிற்காது. 6309-ஐ வெறும் டயலும் மூடியும் மாற்றி 6306 என்று விற்பதைக் கண்டுபிடிக்க, கிரவுனை இழுத்து ஒரு சிறு வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னால் போதும்.

7. விற்பவரிடம் கேட்பது

நான்கு படங்கள்: நேர் டயல், பின்மூடி, கிரவுன் பக்கம் சாய்வாக, திறந்த மூவ்மென்ட். நான்காவதைத் தர மறுப்பவர்கள் இருப்பார்கள், திறக்கும் கருவி இல்லை என்பது நியாயமான பதில்தான். அப்படியானால் அந்த அபாயத்தை விலையில் கழித்துப் பேசுங்கள். திறந்த படத்தில் 6309 என்ற எண் ரோட்டரில் (கை அசைவில் சுற்றிச் சாவி ஏற்றும் எடை) இருக்க வேண்டும். பிற்காலத்து 7எஸ்26 மூவ்மென்ட்டை உள்ளே வைத்து விற்பது உண்டு.

ஜப்பானிய ஏலங்களில் "ஜங்க்" என்று குறித்தவற்றை, எந்த உத்தரவாதமும் இல்லை, திருப்பித் தர முடியாது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல டயலும் கேஸும் அங்கே மலிவாகக் கிடைப்பதும் உண்மை. ஆனால் 4, 5-ஆம் படிகளைப் படத்தை மட்டும் வைத்துச் செய்யக் கண் பழகியபிறகு போங்கள்.

"சர்வீஸ் ஆனது" என்றால் எப்போது, என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். பலருக்கு அதன் பொருள் கேஸைப் பாலிஷ் செய்து, புதுக் கண்ணாடி போட்டது என்பதுதான்.

8. கைக்கு வந்த முதல் நாள்

பிரித்தவுடன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள், பிரச்சினை என்றால் அதுதான் சாட்சி. பிறகு லூப், யூவி டார்ச்சோடு 3 முதல் 6 வரை மறுபடி பாருங்கள்.

தேதியைத் திருப்பத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். இரவு 9 மணிக்கும் விடியற்காலை 4 மணிக்கும் நடுவில் முள் இருந்தால், தேதி மாற்றும் பற்கள் ஏற்கெனவே கொக்கியிட்டிருக்கும். அப்போது வேகமாகத் திருப்பினால் பல் உடையும். வந்த வாட்ச் காலையில் நின்றதா இரவில் நின்றதா என்பது உங்களுக்குத் தெரியாது. முதலில் முள்ளை முன்னோக்கிச் சுற்றி, தேதி மாறுவதைக் கண்ணால் பார்த்து, ஆறு மணி வரை கொண்டுவந்தபிறகு தேதியைத் தொடுங்கள்.

6105, 6309, 7002 எதற்கும் கிரவுனில் சாவி கொடுக்க முடியாது. பக்கவாட்டில் மெதுவாக ஆட்டினாலே ரோட்டர் சுற்றும், ஓங்கிக் குலுக்க வேண்டியதில்லை. ஒரு பகல் கட்டியிருந்துவிட்டு இரவு கழற்றி வைத்தால், காலையில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நின்றிருந்தால் எண்ணெய் காய்ந்திருக்கிறது அல்லது சாவி ஏற்றும் பகுதி தேய்ந்திருக்கிறது. ஒரே நாளில் பல நிமிடம் வேகமாக ஓடினால் முதலில் காந்தம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், காந்தம் நீக்குவது ஒரு நிமிட வேலை.

9. சர்வீஸ் கொடுக்கும்போது என்ன சொல்ல வேண்டும்

நன்றாக ஓடினாலும் சர்வீஸ் கொடுங்கள். உலர்ந்த எண்ணெயில் ஓடும் சக்கரம் ஒவ்வொரு நாளும் தேய்கிறது, வெளியே தெரியாது.

மெக்கானிக்கிடம் வாயால் சொல்லாமல் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: கேஸைப் பாலிஷ் செய்ய வேண்டாம், டயலைத் துடைக்க வேண்டாம், ஒளிப்பூச்சு புதிதாகப் போட வேண்டாம், கழற்றிய எல்லாப் பழைய பாகமும் எனக்குத் திரும்ப வேண்டும். நல்ல மெக்கானிக் வாட்ச்சை அழகாக்கித் தர வேண்டும் என்றுதான் நினைப்பார். அந்த நல்ல எண்ணத்தாலேயே கெட்ட கேஸ்கள் ஏராளம்.

திரும்ப வந்தபின் டைம்கிராஃபர் (வாட்ச்சின் துடிப்பை அளக்கும் கருவி) அளவைக் கேளுங்கள். 6105, 6309, 7002 மூன்றும் மணிக்கு 21,600 துடிப்பு. 62 மாஸ் 18,000. 6159 வகை ஹைபீட் டைவர் 36,000. முழுச் சாவியில் ஆம்ப்ளிட்யூட் (பேலன்ஸ் சக்கரம் ஆடும் அளவு) 220 டிகிரிக்கு மேல், பீட் எரர் (இரு பக்கத் துடிப்புக்கும் உள்ள வித்தியாசம்) 1 மில்லிநொடிக்குள் இருந்தால் இந்த வயதுக்குத் திருப்தியாகவே இருக்கலாம். நாளைக்கு ஐந்து பத்து விநாடி வித்தியாசத்துக்காக மறுபடி மறுபடி திறக்க வைக்காதீர்கள், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் டயலுக்கும் முள்ளுக்கும் ஆபத்து.

10. தண்ணீர்

டயலில் உள்ள 150 மீட்டர், புது கேஸ்கெட்டோடு தொழிற்சாலையை விட்டு வந்த நாளின் அளவு. தண்ணீர் நுழைய மூன்று வழி: பின்மூடி, கண்ணாடி, கிரவுன். பின்மூடி வளையத்தை மட்டும் மாற்றிவிட்டு நீந்தப் போய் டயலை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்று கேஸ்கெட்டையும் மாற்றி, அழுத்தச் சோதனையில் தேறினால் கை கழுவலாம், மழையில் நனையலாம். டைவ் அடிக்க வேறு வாட்ச் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் புகுந்தால் முதலில் போவது டயல், அதைத் திரும்ப வாங்க முடியாது.

ஈரம் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், வாட்ச்சைக் கை பொறுக்கும் அளவுக்குச் சூடாக்கிக் கண்ணாடியின் மேல் ஒரு சொட்டுக் குளிர்ந்த நீர் விடுங்கள். துடைத்த பிறகு உட்பக்கம் பனி பிடித்திருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அன்றைக்கே திறந்து உலர்த்தக் கொடுங்கள், வார இறுதி வரை காத்திருக்க வேண்டாம்.

11. பழைய பாகங்களும் குறிப்பேடும்

கழற்றிய கண்ணாடி, பெசல் தகடு, முள், கிரவுன் எதையும் எறியாதீர்கள். சிறு ஜிப் பையில் போட்டு மாடல் எண், வரிசை எண், மாற்றிய தேதி எழுதி வையுங்கள். வெளுத்துப்போன ஒரிஜினல் பெசல் தகடு, புத்தம் புதுப் போலித் தகட்டைவிட மதிப்புள்ளது. அடுத்து வாங்குபவர் அதைக் கேட்பார்.

குறிப்பேட்டில் வாங்கிய நாள், வந்த நிலை, எந்தெந்தப் பாகம் ஒரிஜினல் என்று உறுதி, எது சந்தேகம், சர்வீசில் என்ன செய்தது என்று ஒரு பக்கம் போதும். சந்தேகமானதைச் சந்தேகம் என்றே எழுதுங்கள். விற்கும் நாள் வந்தால் அந்தப் பக்கத்தையும் படம் எடுத்து வாட்ச்சோடு சேர்த்துக் கொடுங்கள்.